பிரியஸ் 30-இல் அடுத்த தலைமுறை எஞ்சின்: மாட்டிய பிறகு வரும் கோளாறுகள், ஒவ்வொன்றாக

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் கார் டொயோட்டா பிரியஸ். அதன் மூன்றாம் தலைமுறையில் (பிரியஸ் 30 என்பது இதுதான்; அமெரிக்கக் கணக்கில் 2010 முதல் 2015 வரையிலான மாடல்கள்) ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சின் கட்டைக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு, போவது புதுச் செய்தி அல்ல. காலையில் ஸ்டார்ட் ஆகும்போது வண்டி சில நொடிகள் கடகடவென்று உதறும், கூலன்ட் சொல்லாமல் குறையும், பிறகு ஒருநாள் முழுதாகப் படுத்துவிடும். கேஸ்கட்டை மட்டும் மாற்றலாம். ஆனால் தொடக்க ஆண்டு வண்டிகளில் பிஸ்டன் ரிங் வழியாக எண்ணெய் எரியும் தொல்லையும் சேர்ந்தே இருப்பதால், வட அமெரிக்காவில் வீட்டு ஷெட்டில் வேலை செய்பவர்கள் பலர் வேறு வழிக்குப் போனார்கள்: விபத்தில் அடிபட்ட நான்காம் தலைமுறை பிரியஸிலிருந்து (2016 மாடல் முதல் வந்தது) எஞ்சினை வாங்கி இதில் இறக்குவது. இரண்டுமே 2இசட்ஆர்-எஃப்எக்ஸ்இ என்ற எஞ்சின் வகை, இரண்டுமே 1,798 சிசி. முந்தையது 73 கிலோவாட், பிந்தையது 72. ஆக, வேகத்துக்காக யாரும் இதைச் செய்வதில்லை. டொயோட்டா பல உள்பாகங்களைத் திருத்தி, வெப்பத்திறனை 38.5 சதவீதத்திலிருந்து 40-க்குக் கொண்டுவந்த எஞ்சின் என்பதால், இன்னும் சில வருடம் ஓடும் என்ற நம்பிக்கையில் செய்வது.

எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்பதை இங்கே எழுதவில்லை. எஞ்சின் உள்ளே போய்விட்டது, போல்ட்டெல்லாம் இறுக்கியாயிற்று, இப்போது ஏதோ ஒன்று சரியில்லை. அந்தக் கட்டத்தில் இருப்பவருக்கானது இது.

முதலில் ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். வண்டியின் கணினி பழையது, வயரிங் பழையது, கியர்பெட்டி பழையது. உள்ளே வந்திருக்கும் இரும்பு மட்டும்தான் புதியது. அந்தக் கணினிக்கு எஞ்சின் மாறியது தெரியாது, தெரியவும் கூடாது. அதனால்தான் சென்சர்கள், இன்ஜெக்டர், த்ராட்டில் பாடி, பிளைவீல், டேம்பர் எல்லாவற்றையும் பழைய எஞ்சினிலிருந்து எடுத்துப் புதியதில் மாட்டுகிறோம். மாற்றிய பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த எல்லைக்கோட்டில்தான் இருக்கும்: பழைய பாகம் புது இரும்போடு சேரும் இடத்தில், அல்லது பழைய பாகத்திலேயே. “எஞ்சினே கெட்டது போல, யார்டுக்காரன் ஏமாற்றிவிட்டான்” என்ற முடிவுக்குக் கடைசியில் வாருங்கள்.

அப்புறம், கரண்ட். ஆரஞ்சு நிற ஒயர் எதைத் தொடுவதானாலும் பெரிய பேட்டரியின் சுற்றைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவையும் எடுத்துவிட்டு, குறைந்தது 10 நிமிடம் காத்திருங்கள். மின்மோட்டார்களை ஓட்டும் பெரிய பேட்டரி 201.6 வோல்ட்தான். ஆனால் அந்த மின்சாரத்தை மோட்டார்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் அதை 650 வோல்ட் வரை ஏற்றும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் அதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை போட்டு, மீட்டரை வைத்துச் சுழியம் என்று பார்த்த பிறகே கை வையுங்கள். கீழே எத்தனையோ இடத்தில் “கனெக்டரைப் பாருங்கள்” என்று வரும். ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை.

ரெடி விளக்கு வரவில்லை

பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்துகிறீர்கள். டாஷ்போர்டு எரிகிறது, சிவப்பு முக்கோணம் வருகிறது, வண்டி ஓடத் தயார் என்று சொல்லும் ரெடி விளக்கு மட்டும் வரவில்லை. எஞ்சின் பக்கம் போகாதீர்கள். ரெடி வருவதற்கு எஞ்சின் ஓட வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் 12 வோல்ட் பேட்டரி. வண்டி வாரக்கணக்கில் ஜாக்கி ஸ்டாண்டில் நின்றிருக்கும், பின்பக்கம் வலது மூலையில் இருக்கும் அந்தச் சின்ன பேட்டரி செத்திருக்கும். அரைகுறை வோல்ட்டில் இந்த வண்டி சம்பந்தமே இல்லாத பத்து குறியீட்டைக் (ஸ்கேனரை மாட்டினால் கணினி காட்டும் கோளாறு எண்) காட்டும். மீட்டரில் 12-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்டுவிட்டு, குறியீடுகளை அழித்துவிட்டு, புதிதாகத் தொடங்குங்கள்.

அது சரியாக இருந்தால் சர்வீஸ் பிளக். அதை உள்ளே தள்ளினால் மட்டும் போதாது; கைப்பிடியை மடக்கி, கடைசி நிலை வரை நகர்த்திப் பூட்ட வேண்டும். அந்தக் கடைசி அசைவில்தான் உள்ளே இருக்கும் சின்ன இன்டர்லாக் சுவிட்சு சேரும். பார்வைக்குப் பொருந்தியதுபோல் இருந்து, அது சேராமல் இருப்பது அடிக்கடி நடப்பது. இதே இன்டர்லாக் சுற்று இன்வெர்ட்டர் மூடி வழியாகவும் போகிறது. மூடியைச் சரியாக உட்கார வைக்காவிட்டாலும் அதே கதைதான். குறியீடு பி0ஏ0டி என்று வந்தால் முதலில் இந்த இரண்டைப் பாருங்கள்.

பி0ஏஏ6 வந்தால் விஷயம் கனமானது. உயர் மின்னழுத்தச் சுற்று எங்கோ வண்டி உடம்போடு கசிகிறது என்று பொருள். நல்லவேளையாக, கூடவே வரும் மூன்று இலக்க உள்குறியீடு இடத்தைக் காட்டிக்கொடுக்கும். 611 என்றால் ஏசி கம்ப்ரஸர் பக்கம், 612 பேட்டரி, 613 கியர்பெட்டிக்குள் இருக்கும் மோட்டார்கள், 614 இன்வெர்ட்டரும் அதைச் சேர்ந்த ஒயர்களும். எஞ்சின் மாற்றும்போது கம்ப்ரஸரை ஓரமாகக் கட்டிவைப்பது வழக்கம். அதன் ஆரஞ்சு கனெக்டரில் கூலன்ட் சொட்டியிருந்தால் 611 வரலாம். இன்னொரு காரணமும் உண்டு: ஏசி கேஸைத் திறந்து, சாதாரணக் கார்களின் ஏசிக்கு ஊற்றும் பேக் (PAG) எண்ணெயை யாராவது ஊற்றியிருந்தால். இந்தக் கம்ப்ரஸருக்கு மின்காப்பு உள்ள என்டி-11 எண்ணெய்தான். வேறு எண்ணெய் கலந்துவிட்டால் கழுவி எடுப்பது பெரும்பாடு. கம்ப்ரஸரையே மாற்ற வேண்டி வரலாம். கேஸைத் திறக்காமல், பைப்போடு சேர்த்து ஓரம் கட்டுவதே நல்லது. பி0ஏஏ6-ஐ அழித்துவிட்டு மறுபடி மறுபடி முயன்று பார்ப்பது மட்டும் வேண்டாம். இந்த ஒரு குறியீட்டில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், ஹைபிரிட் வேலை தெரிந்தவரை வீட்டுக்கு வரவழைத்துக் காசு கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரெடி வருகிறது, எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

இந்த வண்டியில் ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. கியர்பெட்டிக்குள் இருக்கும் முதல் மோட்டார்-ஜெனரேட்டர்தான் எஞ்சினைச் சுழற்றும், அதுவும் சாதாரண ஸ்டார்ட்டர் போல இருநூறு முந்நூறு சுற்றில் அல்ல, ஏறக்குறைய ஆயிரம் சுற்றில். அதனால் “கிர்ர் கிர்ர்” என்று இழுக்கும் பழக்கமான ஓசை வராது. ஒரு சீரான முனகல், பிறகு நின்றுவிடும். பி3191 அல்லது பி0ஏ0எஃப் வரும். எஞ்சினைச் சுழற்றிப் பார்த்தேன், தானாக ஓடவில்லை என்று கணினி சொல்கிறது, அவ்வளவுதான்.

இங்கே அவசரப்படுபவர்கள் மாட்டிக்கொள்ளும் பொறி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முயற்சியும் பெரிய பேட்டரியின் சார்ஜைத் தின்கிறது. அந்தப் பேட்டரிக்கு மறுபடி சார்ஜ் தரக்கூடியது ஓடும் எஞ்சின்தான், அது ஓடவில்லை. 12 வோல்ட் சார்ஜரோ, பக்கத்து வீட்டுக் காரின் ஜம்ப்பர் கேபிளோ இதற்கு உதவாது. திரையில் பேட்டரிக் கோடுகள் கீழே இறங்கிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கணினி சுழற்றவே மறுத்துவிடும். அப்புறம் தனிச் சார்ஜர் தேடி அலைய வேண்டும். அதனால் இரண்டு மூன்று முறை பிடிக்கவில்லை என்றால் கையை எடுத்துவிட்டு யோசியுங்கள்.

முதல் சந்தேகம் பெட்ரோல். லைனைக் கழற்றி மாட்டியிருக்கிறீர்கள், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயான ரெயில் காலியாக இருக்கும். நல்ல ஸ்கேனரில் பெட்ரோல் பம்பை மட்டும் ஓடவைக்கும் சோதனை இருக்கும். டொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம் மென்பொருளில் நிச்சயம் உண்டு. எஞ்சினைச் சுழற்றாமல் அதை வைத்து லைனை நிரப்பிவிட்டு, பிறகு ஒருமுறை முயலுங்கள். பி3193 என்ற குறியீடு பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்பதைச் சொல்வது. டேங்க் நிறைய இருந்தும் இது வந்தால் ரெயிலில் காற்றுதான். லைனை மாட்டும்போது அந்தப் பிளாஸ்டிக் கிளிப் “டிக்” என்று உட்கார்ந்ததா என்பதையும் கையால் இழுத்துப் பாருங்கள்.

பெட்ரோல் வருகிறது என்றால், எஞ்சினின் முக்கியத் தண்டு சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சர். பி0335 வந்தால் அந்தச் சென்சரின் சிக்னலே கணினிக்குப் போகவில்லை. கியர்பெட்டியைச் சேர்க்கும்போது அந்த ஒயர் நசுங்கியிருக்கலாம், அல்லது கனெக்டர் தொங்கிக்கொண்டிருக்கலாம். வால்வுகளைத் திறக்கும் தண்டைக் கவனிக்கும் கேம் சென்சருக்கு பி0340. இரண்டும் சிக்னல் தருகின்றன, ஆனால் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றால் பி0016. இது வந்தால் மட்டும் கொஞ்சம் கவலைப்படலாம். வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி வால்வின் கனெக்டர் கழன்றிருப்பது, அதற்குப் போகும் எண்ணெய்ச் சல்லடையில் அடைப்பு, அல்லது டைமிங் செயின். எஞ்சின் ஒரு தடவையும் ஓடாத நிலையில் எண்ணெய் அழுத்தம் ஏறாததால் முதல் நிமிடத்தில் மட்டும் வந்து போவதும் உண்டு. அழித்துவிட்டு மறுபடி வருகிறதா என்று பாருங்கள்.

ஒரே ஒரு குறியீடு வந்தால் அந்தப் பாகம், எட்டு பத்து சேர்ந்து வந்தால் எர்த். இது நான் பெரிதும் நம்பும் கணக்கு. எஞ்சினிலிருந்து உடம்புக்குப் போகும் எர்த் பட்டையை மாட்ட மறந்துவிட்டாலோ, பெயின்ட் மேல் வைத்து இறுக்கிவிட்டாலோ, கணினிக்குச் சென்சர் எண்கள் எல்லாமே அலைபாயும். ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு பாகம் வாங்கத் தொடங்கினால் இன்னொரு எஞ்சின் விலை ஆகிவிடும்.

ஓடுகிறது, ஆனால் உதறுகிறது

உதறல் எப்போது வருகிறது என்பதை முதலில் பிரித்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஸ்டார்ட் ஆகும் நொடியிலும் நிற்கும் நொடியிலும் மட்டும் “டங்” என்று அடிக்கிறது, இடையில் சீராக ஓடுகிறது என்றால் எரிதலில் கோளாறு இல்லை. எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே இருக்கும் டேம்பரையும் மவுன்ட்களையும் பாருங்கள். மவுன்ட் போல்ட்களை எஞ்சின் தொங்கும்போதே முழுதாக இறுக்கியிருந்தால் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். தளர்த்தி, எடை இறங்கிய பிறகு மறுபடி இறுக்கினால் பல நேரம் போய்விடும். போகவில்லை என்றால் செய்தி அவ்வளவு நல்லதல்ல. எஞ்சின் கட்டைக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே நிலைப்படுத்தும் டவல் பின்கள் பழைய எஞ்சினிலேயே தங்கிவிட்டனவா? பின் இல்லாமல் போல்ட்டை மட்டும் நம்பிச் சேர்த்திருந்தால் மையம் விலகியிருக்கும். சேர்க்கும்போது இடைவெளி மூடாமல் இருந்து, போல்ட்டால் இழுத்து மூடியிருந்தால் டேம்பரின் பற்கள் அடிபட்டிருக்கலாம். எப்படி இருந்தாலும் கியர்பெட்டியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். தள்ளிப்போட்டால் கியர்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டும் சேர்ந்து போகும்.

ஓடும் நேரம் முழுக்க ஒரே சீராக ஒரு சிலிண்டர் தவறுகிறது, பி0301 முதல் பி0304 வரை ஏதோ ஒன்று வருகிறது என்றால், இக்னிஷன் காயிலை அடுத்த சிலிண்டரோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். குறியீடு காயிலோடு நகர்ந்தால் காயில். நகரவில்லை என்றால் ஸ்பார்க் பிளக், அப்புறம் இன்ஜெக்டர். இரண்டு இன்ஜெக்டர் கனெக்டர்களை இடம் மாற்றிக் குத்தியிருந்தால் இரண்டு சிலிண்டர் சேர்ந்து குழம்பும். வயரிங் பட்டையின் நீளம் பெரும்பாலும் இதைத் தடுக்கும், ஆனால் கிளிப்களை எடுத்துவிட்டவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

எல்லாச் சிலிண்டரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தவறி, கூடவே பி0171 வந்தால், எங்கோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கட் காடியிலிருந்து நழுவியிருப்பது, ஏர் ஃபில்டர் குழாயின் கிளாம்ப், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பிசிவி ஓஸ், இந்த மூன்றையும் பாருங்கள். மேனிஃபோல்டைப் பழையதிலிருந்து எடுத்தபோது பழைய கேஸ்கட்டையே போட்டிருந்தால், நான் அதைத்தான் முதலில் மாற்றுவேன்.

இப்போது இந்த வேலையின் மையத்துக்கு வருகிறோம்: ஈஜிஆர். எரிந்த புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்து மறுபடி இன்டேக்குக்குள் விடும் அமைப்பு. மூன்றாம் தலைமுறை பிரியஸில் இதன் கூலர் கரியால் அடைபடும். மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் சின்னத் துளைகளும் அடைபடும், அதுவும் ஒரே அளவில் அல்ல. துளை அடைபட்ட சிலிண்டருக்குக் குளிர்ந்த புகை போகாது, அங்கே எரிதல் மற்றவற்றைவிடச் சூடாக நடக்கும். ஹெட் கேஸ்கட் போவதற்கு இதுதான் காரணம் என்று அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் பலர் சொல்வார்கள். எனக்கும் அதில் பெரிய சந்தேகம் இல்லை. அப்படியிருக்க, பழைய கூலரையும் பழைய மேனிஃபோல்டையும் துடைக்காமல் அப்படியே புது எஞ்சினில் மாட்டுவது என்றால், பழைய எஞ்சினைக் கொன்ற நோயைப் புதியதற்கும் ஏற்றுவதுதான். பி0401 வந்தால், அதாவது ஈஜிஆர் ஓட்டம் போதவில்லை என்றால், அழித்துவிட்டு ஓட்டாதீர்கள்.

கூலரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்குத் தகடுகளின் நடுவே மறுபக்கம் தெரிய வேண்டும். கரி கரைப்பானில் ஊறவைத்து, தண்ணீர் தடையில்லாமல் வழியும் வரை கழுவுங்கள். மேனிஃபோல்டின் துளைகளைப் பழைய ஆக்சிலரேட்டர் கேபிள் போன்ற வளையும் கம்பியால் குத்தி எடுக்கலாம். அங்கே நேரம் போகட்டும். இந்த முழு வேலையிலும் உழைப்புக்கு அதிகப் பலன் தரும் இடம் அதுதான்.

சுத்தம் செய்தவர்களுக்கும் ஒரு தொல்லை வரும். வேலை முடித்து ஓட்டினால் ஐடிலில் தள்ளாடும், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சரியாகிவிடும். ஐடிலில் ஈஜிஆர் வால்வு மூடியிருக்க வேண்டும். கழுவியபோது இளகிய கரித்துண்டு ஒன்று பயணம் செய்து வந்து வால்வின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டால் அது மூடாது. வால்வைக் கழற்றி ஊதினால் முடிந்தது.

நான்காம் தலைமுறை எஞ்சினோடு வந்த ஈஜிஆர் பாகங்களையே வைக்கலாமே என்று தோன்றும். இரண்டு எஞ்சினையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு துளையையும், ஒவ்வொரு சென்சர் குழியையும், ஒவ்வொரு பிராக்கெட்டையும் ஒப்பிட்ட பிறகு முடிவு செய்யுங்கள். பழைய கணினிக்குப் பழைய வால்வின் அசைவுதான் கணக்கில் இருக்கிறது. கலிஃபோர்னியா போன்ற இடங்களில் சட்டமும் குறுக்கே வரும்: அங்கே மாற்றும் எஞ்சின் வண்டியின் ஆண்டோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும், அந்த எஞ்சினுக்குரிய புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களும் கூடவே வர வேண்டும். பாகங்களைக் கலந்து கட்டுவதற்கு முன்னால் விசாரித்துவிடுங்கள்.

குளிர்ந்த ஸ்டார்ட்டில் மட்டும் உதறி, வெள்ளைப் புகை

இதுதான் எல்லாரையும் கலங்கடிக்கும் அறிகுறி, ஏனென்றால் பழைய எஞ்சின் செய்ததும் இதுவே. உடனே கைவிட வேண்டாம். மாற்றும்போது எக்ஸாஸ்டிலும் இன்டேக்கிலும் கூலன்ட் சிந்தியிருந்தால் முதல் ஓட்டத்தில் புகையாக வந்து தீரும். இரண்டு மூன்று முறை நன்றாகச் சூடாக்கியும் தொடர்ந்தால்தான் சந்தேகம்.

அப்போது மூன்று சோதனை. கூலன்ட் டேங்கின் வாயில் வைக்கும் நீல நிறத் திரவச் சோதனைக் குழாய்: சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருந்தால் மஞ்சளாகும். வண்டியை இரவு முழுக்க நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் பிளக்குகளைக் கழற்றி, சின்ன கேமரா விட்டுப் பிஸ்டன் தலைகளைப் பார்ப்பது: ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தால், அல்லது ஈரமாக இருந்தால், தண்ணீர் அங்கேதான் போகிறது. முதல் சிலிண்டரிலும் அதன் பக்கத்திலும் கூடுதல் கவனம் வையுங்கள். மூன்றாவது, கம்ப்ரஷன். ஸ்டார்ட்டர் இல்லாத வண்டியில் சாவியைத் திருப்பிச் சுழற்ற முடியாது; ஸ்கேனரில் எஞ்சினைச் சுழற்ற மட்டும் சொல்லும் கட்டளை வேண்டும். ஆட்கின்சன் முறை எஞ்சின் என்பதால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும், எண் சாதாரண எஞ்சினைவிடக் குறைவாகவே வரும். மொத்த எண்ணைப் பார்த்துப் பயப்படாமல், நான்கு சிலிண்டருக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

கேஸ்கட் போன இரண்டாம் கை எஞ்சினை வாங்கிவிட்டால் அது கொடுமைதான். ஆனால் பழைய ஈஜிஆர் கூலரே உள்ளே கசிந்தாலும் கூலன்ட் இன்டேக்குக்குள் வரும். ஹெட்டைத் திறக்கும் முன் கூலரை அடைத்து, அழுத்தம் கொடுத்துச் சோதிக்கத் தவறாதீர்கள்.

சூடு ஏறுகிறது, ஹீட்டரில் குளிர்காற்று

காற்று. கிட்டத்தட்ட எப்போதும் காற்று.

எஞ்சின் தண்ணீர் பம்புக்கு பெல்ட் இல்லை, அது மின்சாரத்தில் ஓடுவது. உள்ளே காற்று இருந்தால் எதிர்ப்பு இல்லாமல் வெறுமனே வேகமாகச் சுற்றும். கணினி அதைக் கவனித்து பி148எஃப் போடும். பி261பி வந்தால் பம்பே நோயாளி என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தத் தலைமுறையில் பம்பு சாவது சாதாரணம், ஆகவே எஞ்சின் வெளியே இருக்கும்போதே புதியது போட்டுவிடுவது நல்லது.

காற்றை வெளியேற்ற எஞ்சின் தொடர்ந்து ஓட வேண்டும், ஆனால் ஹைபிரிட் தனக்குத் தோன்றினால் அணைத்துவிடும். அதற்குத்தான் பராமரிப்பு நிலை. பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இருமுறை அழுத்தி இக்னிஷன் போடுங்கள். ‘பி’யில் ஆக்சிலரேட்டரை இரண்டு முறை முழுதாக மிதித்து விடுங்கள், ‘என்’னில் இரண்டு முறை, மறுபடி ‘பி’யில் இரண்டு முறை, எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். பிறகு பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் ஆயிரம் சுற்றை ஒட்டி நிற்காமல் ஓடும். ஹீட்டரை முழு வெப்பத்தில் வைத்து, வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, குறையக் குறைய ஊற்றுங்கள். இந்த நிலையில் வண்டியைச் சாலைக்கு ஓட்டாதீர்கள், கியர்பெட்டி கெடும். வேலை முடிந்ததும் ஆஃப் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

எக்ஸாஸ்டின் வெப்பத்தை எடுத்துக் கூலன்ட்டைச் சூடாக்கும் ஒரு பெட்டியும் அடியில் உண்டு. அதற்குப் போகும் இரண்டு ஓஸ்களையும் ஹீட்டர் ஓஸ்களையும் மாற்றி மாட்டியிருந்தால் எவ்வளவு காற்றை எடுத்தாலும் ஹீட்டர் சரியாகாது. கழற்றும்போது போட்டோ எடுத்தவர்கள் இங்கே தப்பிப்பார்கள்.

இன்வெர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் சுற்று, தனிப் பம்பு, தனி டேங்க். அதைத் திறந்திருந்தால் தனியாகத்தான் காற்று எடுக்க வேண்டும். ரெடியில் வைத்து அந்த டேங்க்கின் மூடியைத் திறந்து பாருங்கள். கூலன்ட் சுழித்து அசைய வேண்டும். அசையாமல் இருந்து கொஞ்ச தூரம் ஓட்டியதும் பி0ஏ93 வந்தால், சூடாவது எஞ்சின் அல்ல, இன்வெர்ட்டர். அதோடு ஓட்டினால் செலவு எஞ்சினைத் தாண்டும்.

எண்ணெய் விளக்கு, எண்ணெய் நாற்றம்

0டபிள்யூ-20, ஃபில்டரோடு 4.2 லிட்டர். முதல் ஸ்டார்ட்டில் விளக்கு சில நொடிக்கு மேல் நின்றால் அணைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் யார்டில் கிடந்த எஞ்சினாக இருந்தால், பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்துக் கையால் கடிகாரத் திசையில் சில சுற்று சுற்றியிருக்க வேண்டும், இப்போதும் செய்யலாம். எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் இடத்தின் அடியில் சொட்டினால் பின்பக்க கிராங்க் சீல். சேர்க்கும் முன் மாற்றியிருந்தால் சில நூறு ரூபாய் சமாச்சாரம், இப்போது மறுபடி எல்லாம் கழற்ற வேண்டும்.

எஞ்சின் அணையவே மாட்டேன் என்கிறது, மைலேஜும் இல்லை

எல்லாம் சரி, ஆனால் சிக்னலில் நின்றாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. முதலில் ஸ்கேனரில் கூலன்ட் வெப்பத்தைப் பாருங்கள். வெகுநேரம் ஓட்டியும் ஏறவில்லை, பி0128 வந்தால் தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கிறது. வெப்பம் சரியாக ஏறியும் அணையவில்லை என்றால், பெரிய பேட்டரி இந்த வாரங்களில் இறங்கிப்போய், எஞ்சின் அதற்குச் சார்ஜ் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அரை மணி நேரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டிருந்தாலும் அணையாது. அது கோளாறு இல்லை.

அணைகிறது, ஆனாலும் பழைய மைலேஜ் வரவில்லை என்றால் எஞ்சினை விட்டுவிட்டுச் சக்கரங்களைப் பாருங்கள். எஞ்சினையும் கியர்பெட்டியையும் சேர்த்துக் கீழே இறக்கியவர்கள் அவற்றின் அடியில் இருக்கும் இரும்புச் சட்டமான சப்ஃபிரேமையும் இறக்கியிருப்பார்கள். அது சில மில்லிமீட்டர் நகர்ந்து உட்கார்ந்தாலே ஸ்டியரிங் கோணலாக நிற்கும், டயர் இழுத்துக்கொண்டே ஓடும். அலைன்மென்ட் பார்த்துவிட்டு வாருங்கள். புகைச் சோதனைக்குப் போவதாக இருந்தால் அதற்கு முன் ஸ்கேனரில் கணினியின் தன்சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். குறியீடு அழித்த அன்றே போனால் அவை முடியாத நிலையில் இருக்கும், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.